‘ரெட் ஹெர்ரிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

துப்பறியும் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்கும் நான், வாசகரைத் தவறான திசையில் இழுக்கும் துப்பைக் குறிக்கும் ‘ரெட் ஹெர்ரிங்’ என்ற ஆங்கிலச் சொல்லில் மூன்று நாள்களாகச் சிக்கி நிற்கிறேன். வெள்ளிக்கிழமை கதையை ஒப்படைக்க வேண்டும். சன்னலடியில் கிடக்கும் சேறு படிந்த காலணி, வாசகரின் சந்தேகத்தைத் தோட்டக்காரர் மீது திருப்புகிறது. இறுதியில் ஆய்வாளர் அதை ‘ரெட் ஹெர்ரிங்’ என்கிறார்.

‘பொய்த் தடயம்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் காலணியை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. ‘கவனச் சிதறல்’ மனநிலையைக் குறிக்கிறது. ‘போக்குக் காட்டுதல்’ நெருங்கி வருகிறது, எனினும் அதற்கு ஓர் ஆள் வேண்டும், காலணி போக்குக் காட்டாது. முயலைத் துரத்திய வேட்டைநாய்களைப் புகையூட்டிச் சிவந்த ‘ஹெர்ரிங்’ மீனை இழுத்துத் திசைதிருப்பியதாக ஆங்கில இதழாளர் வில்லியம் காபெட் 1807இல் எழுதியதிலிருந்து பரவிய வழக்கு இது என்றாலும், ‘செம்மீன்’ என்று பெயர்த்தால் வானத்து மீன்தான் நினைவுக்கு வருகிறது.

தற்செயலாகவோ திட்டமிட்டோ கவனத்தைத் திசைதிருப்பும் ஒரு பொருளைக் குறிக்க, ஆய்வாளர் வாயில் இயல்பாக ஒலிக்கும் தமிழ்ப் பெயர்ச்சொல் எது?