விற்கப்போகும் வீட்டுச் சீலிங்கில் ஒரு கறை: வெள்ளை அடித்தால் போதுமா?

பழைய பூச்சுக்காரர் (சாட்ஸ்வர்த்):
நேற்று வெருலத்திலிருந்து ஒரு மகள், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தம் தாயார் வாழ்ந்த வீட்டை விற்பதற்கு முன் உட்புறத்தில் என்னென்ன சீர் செய்ய வேண்டும் என்று இந்த இணையக் குழுவில் கேட்டிருந்தார். முன்னறைச் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை இருப்பதாகவும் சொல்லியிருந்தார். அதற்கு ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாத் தம்பி ஒருவர், “இரண்டு கோட் வெள்ளை அடித்துவிடுங்கள், வீடு பார்க்க வருகிறவன் அண்ணாந்து பார்ப்பதில்லை” என்று பதில் எழுதியிருக்கிறார். முப்பத்தோரு வருடம் டர்பன் வீடுகளில் பூச்சு வேலையும் பெயிண்ட் வேலையும் செய்தவன் நான். இதைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. நீர்க்கறையின் மேல் பி.வி.ஏ. பெயிண்ட், அதாவது தண்ணீர் வகைச் சுவர்ப் பெயிண்ட், அடித்தால், அந்தப் பெயிண்டில் இருக்கும் தண்ணீரே பழுப்பைக் கரைத்து மேலே இழுத்து வந்துவிடும். தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்த இடம்போல வெள்ளையின் நடுவே ஒரு மஞ்சள் வளையம் நிற்கும். முதலில் எண்ணெய் வகை அடிப்பூச்சு ஒன்று கொடுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளையைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால் ஒழுகல் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

லெனேசியாவாசி:
பெரியவருக்கு வணக்கம். தங்கள் உறக்கத்தைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன். அந்த அக்கா வீட்டை விற்பதற்குத்தான் வழி கேட்டார். கும்பாபிஷேகம் செய்வதற்கு நாள் கேட்கவில்லை. நான் ஜொகன்னஸ்பர்க்கில் என் வீட்டை விற்றபோது ஒரே வாளி வெள்ளையில் மூன்று அறைகளை முடித்தேன், சீலிங்கில் இருந்த கரையும் அதோடு போயிற்று. வாங்கியவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த நாட்டில் பழைய வீட்டை ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்றுதான் விற்கிறார்கள், அதாவது இருந்தது இருந்தபடி. கையெழுத்துப் போட்ட பிறகு வாங்கினவர் பாடு, வீட்டின் பாடு.

ஃபீனிக்ஸ் ஆசிரியை:
முதலில் ஒரு சிறு திருத்தம். சீலிங்கில் இருப்பது கறை. கரை உம்கேனி ஆற்றுக்கு இருப்பது. இரண்டாவதாக, தம்பி நம்பியிருக்கும் அந்த ஃபூட்ஸ்டூட்ஸ், விற்பவருக்கே தெரியாத மறைவான குறைகளுக்குத்தான் அரண். தெரிந்தே ஒரு குறையை மறைத்து வாங்குபவரை ஏமாற்றினார் என்று நிரூபிக்கப்பட்டால் அந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சொத்துத் தொழிலர் சட்டப்படி, விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் கைக்கு வராமல் வீட்டுத் தரகு முகவர் வீட்டை விற்பனைக்கு ஏற்கவே கூடாது. அந்தப் படிவத்தில் கூரையைப் பற்றி நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

லெனேசியாவாசி:
ஓர் எழுத்துக்காக ஆறு வரை போய் வந்த ஆசிரியை அவர்களுக்கு நன்றி. கூரையைப் பற்றிப் படிவம் கேட்கட்டும், பதில் எழுதட்டும். வெள்ளை அடிக்கக் கூடாது என்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வெருலம் மகள்:
அண்ணா, தம்பி, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் சரியாக விளக்கவில்லை என்று நினைக்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது கூரையின் இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கியது, அந்த மாதமே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டோம். அதன் பிறகு ஒழுகியதாக அம்மா சொன்னதில்லை. கறை மட்டும்தான் மிச்சம். இதைவிட எனக்குச் சமையலறை அலமாரிக் கதவுகளும், விளக்கு வைக்கும் மூலையில் சுவர் கறுத்துக் கிடப்பதும்தான் பெரிய கவலை. அடுத்த ஞாயிறு வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

பழைய பூச்சுக்காரர்:
அம்மா, “சரிசெய்துவிட்டோம்” என்று சொல்லாத வீட்டுக்காரரை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. சீலிங் பலகையைக் கறையின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆணித்தலையைச் சுற்றித் துருப் பொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒருவர் டார்ச் விளக்கோடு கூரைக்குள் ஏறி, தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் கீழே பார்க்க வேண்டும், ஏனென்றால் போல்ட்டின் வாஷர் வெயிலில் வெடித்துத்தான் பாதி வீடுகள் ஒழுகுகின்றன. சாட்ஸ்வர்த்தின் பழைய வீடுகள் பலவற்றில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதை மறந்துவிட வேண்டாம். 2008இல் அப்பொருளை இந்நாட்டில் தடைசெய்தார்கள், ஆனால் ஏற்கெனவே போட்ட கூரைகள் அங்கேயேதான் இருக்கின்றன. அதில் துளை போடுவதும், கம்பிப் பிரஷ் வைத்துத் தேய்ப்பதும், பீய்ச்சும் தண்ணீரால் கழுவுவதும் தூசியைக் கிளப்பிவிடும். சென்ற வருடம் இதே இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் ஊர் லெனேசியா.

விளக்கு மூலையைப் பற்றிக் கேட்டீர்கள். எண்ணெய்ப்புகையும் சாம்பிராணிப்புகையும் படிந்த சுவரை முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. அதற்கும் அதே எண்ணெய் வகை அடிப்பூச்சுத்தான். அலமாரிக் கதவுகளுக்குக் கீலையும் பிடியையும் மாற்றினாலே போதும். சுவரில் ஈரம் இருக்கிறதோ என்று ஐயமிருந்தால், அலுமினியத் தாளை ஒரு முழச் சதுரத்துக்கு வெட்டி நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளே, அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது டர்பன் காற்றின் ஈரம். இப்போது கறைக்கு வருகிறேன்.

டோங்காட் மின்பணியாளர்:
ஐயா, கறைக்கு வருவதற்கு முன் ஒரு சொல். வெள்ளையைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், வீட்டு மின் இணைப்புகள் முறைப்படி இருக்கின்றன என்று கொடுக்கும் மின் இணைப்புச் சான்றிதழைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீடு கைமாறும்போது அது இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. நம் கடற்கரைப் பக்கம் வண்டுச் சான்றிதழும், அதாவது மரத்தை அரிக்கும் வண்டு வீட்டில் இல்லை என்ற சான்றும், கேட்பார்கள். அது சட்டமல்ல, வழக்கம், ஆனாலும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பழைய பூச்சுக்காரர்:
மின்சாரத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, தம்பி. சீலிங்கில் விளக்கு மாட்டுகிறேன் என்று பூச்சை உடைத்து, ஓட்டையைச் செய்தித்தாளால் அடைத்துவிட்டுப் போகும் மின்பணியாளர்களுக்குப் பின்னால் போய்ப் பட்டி பார்த்தே என் பாதி ஆயுள் கழிந்தது.

டோங்காட் மின்பணியாளர்:
பூச்சுக்காரர்கள் எங்கள் ஸ்விட்சுகளின் மேல் பெயிண்டைச் சிந்திவிட்டுப் போன கதையை நான் தொடங்கினால் இந்த இழை தீபாவளி வரை ஓடும்.

லெனேசியாவாசி:
பெரியவர் என் ஊரின் பெயரை இழுத்ததால் சொல்கிறேன். சென்ற வருடம் நான் எழுதியது ஓட்டுக் கூரையைப் பற்றி. ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல்லை அவரே சேர்த்துக்கொண்டார். அது கிடக்கட்டும். அந்த அக்காவே கூரை சரியாகிவிட்டது என்று எழுதிவிட்டார். ஒழுகல் இல்லை, ஈரம் இல்லை, கறை மட்டும் இருக்கிறது. அப்படியானால் இரண்டு கோட் வெள்ளை அடிப்பதில் என்ன தவறு? இதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்.

ஃபீனிக்ஸ் ஆசிரியை:
இம்முறை ‘கறை’ என்று எழுதியதற்குப் பாராட்டுகள். வெள்ளை அடிப்பதைத் தவறென்று நான் எங்கும் சொல்லவில்லை. 2022இல் ஒழுகியது, இன்ன மாதம் பழுது பார்த்தோம் என்று படிவத்தில் ஒரு வரி எழுதிவிட்டு எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கட்டும். அந்தப் படிவம் ஒப்பந்தத்தோடு இணைக்கப்படாமல் போனால், எந்தக் குறையும் வாங்குபவரிடம் சொல்லப்படவில்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பழைய பூச்சுக்காரர்:
வெள்ளை அடிப்பது தவறுதான் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொன்னது பி.வி.ஏ. வெள்ளை. அடிப்பூச்சு என்ற சொல்லையே அவர் வாயால் சொல்லவில்லை. மேலே ஏறி அவர் பதிலைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

லெனேசியாவாசி:
அடிப்பூச்சு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அதையும் மேலே ஏறிப் படிக்கலாம்.

வெருலம் மகள்:
எல்லோரும் மன்னிக்க வேண்டும். நேற்றிரவு என் தம்பி, இங்கே நடப்பது எதையும் படிக்காமல், சீலிங் முழுவதும் வெள்ளை அடித்து முடித்துவிட்டான். இன்று காலை பார்த்தேன், கறை தெரியவில்லை. அலமாரிக் கீல்கள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

லெனேசியாவாசி:
தம்பிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள், அக்கா. கறை தெரியவில்லை என்பதைப் பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கட்டும்.

பழைய பூச்சுக்காரர்:
காலையில் தெரியவில்லை, சரி. அறையில் ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? பகல் வெளிச்சத்தில் பார்த்தீர்களா, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தீர்களா? இன்னும் ஈரம் காயாத பெயிண்டைப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்வதற்கு லெனேசியாவில்தான் ஆள் இருக்கிறது. அம்மா, அந்த வாளியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதச் சொல்லுங்கள் உங்கள் தம்பியை. நான் விழித்துத்தான் இருப்பேன்.