மறு: பரப்புரை மென்பொருளின் பாய்வுப்படத்தில் ‘செல்’ (cell) – தமிழில் என்ன?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> செல் என்பதற்குக் ‘கலம்’ இருக்கவே இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, உயிரியலுக்கும் விரிதாளுக்கும் கலம் பொருந்தட்டும், இங்கே பொருந்தாது. நிரலாளர் வரையும் பாய்வுப்படத்தில் (ஃப்ளோசார்ட்) அம்புக்குறி காட்டுவது வேலையின் வரிசையை: இதை முடித்துவிட்டு அதைச் செய். யாருக்கு எந்த விளம்பர மடல் போகவேண்டும் என்று திட்டமிட உதவும் யூனிகா போன்ற பரப்புரை மென்பொருளில் அந்தக் கோட்டின் வழியே போவது வாடிக்கையாளர் பட்டியல். ஒரு பெட்டியிலிருந்து வெளியேறி அடுத்ததற்குள் நுழையும் அந்தப் பட்டியலைத்தான் செல் என்கிறார்கள். அதில் அறையும் இல்லை, கலமும் இல்லை.

ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். அடுத்த மாதம் வைப்புநிதி முதிர்பவர்களை ‘செலெக்ட்’ பெட்டி எடுக்கிறது. தொடர்புகொள்ள வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்களை ‘மெர்ஜ்’ பெட்டி கழிக்கிறது. மிஞ்சியவர்களை ‘சாம்பிள்’ பெட்டி குலுக்கல் முறையில் தொண்ணூறு, பத்து என்று பிரிக்கிறது. தொண்ணூறு விழுக்காட்டினருக்கு மடல் போகும். பத்து விழுக்காட்டினருக்கு வேண்டுமென்றே எதுவும் அனுப்புவதில்லை. மடலே வராதவர்களில் எத்தனை பேர் தாமாக வைப்பைப் புதுப்பித்தார்கள் என்று பார்த்தால்தானே மடலால் விளைந்த பயன் தெரியும்?

சென்ற மடலில் ஒருவர் செல்லுக்கு முன்வைத்த ‘பெறுநர்த் தொகுதி’ இங்கேதான் பொருந்தாமல் போகிறது. பள்ளிக்கூடக் கடிதம் முதல் நாம் எழுதிப் பழகிய நல்ல சொல் பெறுநர். ஆனால் அந்தப் பத்து விழுக்காட்டினர் எதையும் பெறப்போவதில்லையே!

என் பரிந்துரை: திரள். முதற்பெட்டி ஆட்களைத் திரட்டுகிறது, கிடைப்பது திரள். வினையும் பெயரும் ஒரே வேரில் அமைகின்றன. இரு திரள்களை இணைக்கலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கலாம். பட்டியலில் தனி ஆட்களுக்குப் பதில் குடும்பங்கள் இருந்தாலும் சொல் தாங்கும். ‘கிளஸ்டர்’ என்பதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அதற்குக் ‘கொத்து’ இருக்கிறது.

மடல் பெறுவது இலக்குத் திரள். மற்றதை ஒப்பீட்டுத் திரள் என்றே சொல்வோம். ஆங்கிலத்தில் இதைக் ‘கன்ட்ரோல்’ என்பதால் வரும் ‘கட்டுப்பாட்டு’ என்ற அடைமொழியை நான் அறவே ஏற்கவில்லை. அங்கே யாரும் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, அனுப்பத் தடைசெய்யப்பட்டவர்கள் என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. அவர்கள் ‘மெர்ஜ்’ பெட்டியிலேயே கழிந்தவர்கள். இரண்டும் ஒன்றாகத் தோன்றினால் கணக்கே பிழைத்துவிடும்.

‘டெஸ்ட் ரன்’ பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. தரவுத்தளத்தில் எதையும் எழுதாமல் பாய்வுப்படத்தை ஓட்டிப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? யாரைத் தொடர்புகொண்டோம் என்று குறித்துவைக்கும் தொடர்பு வரலாற்றில் பதிவாகும் உண்மையான ஓட்டத்தை மெய்யோட்டம் எனலாம்.

‘செக்மென்ட்’ பெட்டி இன்னும் மிச்சமிருக்கிறது. ‘பிரி’ என்று வைத்தால், குலுக்கலில் பிரிக்கும் ‘சாம்பிள்’ பெட்டியோடு மயங்கும். இது வயது, இருப்புத்தொகை போன்ற விதிகளைக் கொண்டு பிரிப்பதால் ‘வகைப்படுத்து’ என்பதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் பெட்டியின் மேல் எழுதச் சற்று நீளம். இதே பொருளில் இரண்டு மூன்று எழுத்தில் அடங்கும் சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

அன்புடன்