மூன்றாவது ஆண்டாகப் பட்ஜெட்டில் மட்டும் ஓடும் எங்கள் சாக்கடை

(புனைபெயர்களில் எழுதுபவர்களுக்கு இடையே நடந்த உரையாடல்)

தறிச்சத்தம்:
மாநகராட்சி பட்ஜெட் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று கொங்கில் எதை வைத்துப் படித்தாலும் பெரிதாகத் தப்பு வராது.

உரையை வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம். அதில் கால் மணி நேரம் நன்றியும் வாழ்த்தும். பிறகு ஓர் உறுப்பினர் குடிநீர் பற்றிக் கேட்க எழுந்தார். மைக் வரவில்லை. அவர் வெளிநடப்பு செய்தார், மற்றவர்கள் மேஜையைத் தட்டினார்கள், ஏகமனதாக நிறைவேறியது. விவாதம் என்று சொல்லத்தக்கது மொத்தம் பதினோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு பாவு (தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்) வாங்குவதற்கு நான் இதைவிட அதிக நேரம் பேரம் பேசுவேன்.

என் ஆத்திரத்துக்குக் காரணம் ஒரு சாக்கடை. தறிக்கூடத்துக்கு முன்னால் அதன் மேல் போட்டிருந்த கடப்பைக்கல் இரண்டாக உடைந்து, ஒரு பாதி உள்ளே சரிந்து கிடக்கிறது. தெருவில் உள்ள அத்தனை கூடங்களின் பஞ்சுத்தூசும் அந்தக் கல்லில் வந்து தங்கி, ஊறி, பழைய மெத்தை மாதிரி கெட்டியாகிவிட்டது. ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் வாசல்படி ஏறும். பாவு பீம்களைத் தரையில் வைக்க முடியாமல் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருக்கிறோம். இந்தச் சாக்கடையைப் புதுப்பிப்பதாகப் பட்ஜெட்டில் மூன்றாவது ஆண்டாக வருகிறது. அதே வரி, அதே எழுத்துப்பிழை. தொகை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. நல்ல வேளை, அதுவாவது வளர்கிறது.

பழைய பேரேடு:
தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. நான் வேறொரு நகராட்சியில் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். திட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாமன்றம் நினைத்தாலும் உங்கள் சாக்கடைக்கு ஒதுக்கக் கையில் காசு இருக்க வேண்டும்.

மாநகராட்சிக்குச் சொந்த வரவு என்று பார்த்தால் முதலில் சொத்து வரி. அடுத்தது தொழில் வரி. அதற்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1988-ல் வைத்த உச்சவரம்பு, இன்றுவரை அதேதான். அன்று 2,500 ரூபாய் என்ன பெறுமானம், இன்று என்ன என்று உங்கள் நூல் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள். விளம்பர வரி இருந்தது, 2017-ல் ஜிஎஸ்டி வந்து அதுவும் போய்விட்டது. மீதிக்கு மாநில நிதிக்குழுப் பங்கையும் மத்திய மானியத்தையும் எதிர்பார்த்துக் கையை நீட்ட வேண்டியதுதான். அந்த மானியத்திலும் கணிசமான பகுதியைக் குடிநீர், துப்புரவுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். சம்பளம், ஓய்வூதியம், தண்ணீரை ஏற்றும் மோட்டார்களுக்கு மின்கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் உங்கள் கடப்பைக்கல்.

மஞ்சள் மண்டி:
ஐயா சொல்வதைப் படித்தால் மாநகராட்சி ஏதோ பரம ஏழை என்று நமக்கே கண்ணீர் வரும். 2022-ல் என் கடைக்குச் சொத்து வரியை நூறு சதவீதம் ஏற்றினார்கள். ஒரே கையெழுத்தில் இரட்டிப்பு. அதோடு விட்டார்களா? அதற்குப் பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றலாம் என்றும் வைத்தார்கள். மஞ்சள் விலை குவிண்டாலுக்கு இறங்கினாலும் அவர்களுக்கு 6 சதவீதம். அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது?

பழைய பேரேடு:
அந்த 2022 ஏற்றத்துக்கு முந்தைய கதையையும் சொல்ல வேண்டும். 2018-ல் ஒருமுறை ஏற்றினார்கள். 2019 இறுதியில் அதை நிறுத்தி வைத்தார்கள். பல ஆண்டுகள் ஏற்றாமல் விட்டதன் வட்டியைத்தான் 2022-ல் ஒரேயடியாகக் கேட்டார்கள். அதுவும் மாமன்றம் தானாக யோசித்து எடுத்த முடிவில்லை. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு, சொத்து வரியின் அடிப்படை விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்தில் வசூலையும் வளர்த்தால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது. அரசாணை சென்னையிலிருந்து வந்தது, மாமன்றம் கைதூக்கியது. விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாதவரைப் பிடித்து ஏன் ஏற்றினாய் என்றால் அவர் என்ன சொல்வார்?

மஞ்சள் மண்டி:
கைதூக்க மாட்டேன் என்று சொல்லலாம் அல்லவா? ஓட்டுக் கேட்டு வந்தபோது சென்னையைக் கேட்டுவிட்டா வந்தார்கள்?

இட்டேரி:
எங்கள் பகுதி 2011-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அதுவரை ஊராட்சி. சேர்த்தபோது பாதாளச் சாக்கடை வரும், தார்ச்சாலை வரும், நகரத்துத் தண்ணீர் வரும் என்றார்கள். நகரத்து வரி வந்தது. நூறு நாள் வேலை போனது. அது ஊராட்சிகளுக்கு மட்டுமாம். எங்கள் தெருவில் நான்கு அத்தைமார்கள் அந்தக் கூலியில்தான் மருந்து மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் நடுராத்திரியில். பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) பிளாஸ்டிக் டிரம் வரிசையைப் பார்த்தால் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைப்பீர்கள்.

ஊராட்சியாக இருந்தபோது கிராம சபையில் எழுந்து நின்று, போன வருடம் தெருவிளக்குக்கு எவ்வளவு ஆனது என்று தலைவரைக் கேட்க முடியும். அவர் திணறுவார், ஆனால் நம் கண்முன்னால் திணறுவார். இங்கே யாரைக் கேட்பது?

பழைய பேரேடு:
அம்மணி, அதற்குத்தான் கிராம சபை மாதிரி நகரத்தில் பகுதி சபை என்று விதி கொண்டுவந்திருக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.

இட்டேரி:
போனேன் ஐயா. ஒன்பது பேர் வந்திருந்தோம். அதில் ஐந்து பேர் மாநகராட்சி ஊழியர்கள். டீ நன்றாக இருந்தது.

நொய்யல்கரை:
நான் தறிச்சத்தம் அண்ணன் பக்கம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. காசு இல்லை என்கிறீர்கள். சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் நம் பகுதியிலேயே கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என நான்கு ஊர்கள் இருந்தன. ஓர் ஊருக்கு மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலப் பங்கு என்றுதானே கணக்கு? வண்ண விளக்கு, நடைபாதை, செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரில் பெரிய எழுத்து. குளக்கரையில் போய் நின்றால் அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நானே போகிறேன். ஆனால் குளத்துக்குள் வந்து விழும் சாக்கடை அப்படியே விழுகிறது. கரைக்குப் பவுடர் பூசியாயிற்று, தண்ணீரைக் குளிப்பாட்ட மறந்துவிட்டார்கள்.

பழைய பேரேடு:
இங்கேதான் நான் சொல்ல வந்ததற்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். அந்தப் பணம் மாமன்றத்தின் கைக்கே வரவில்லை. அதற்கென்று தனி நிறுவனம் அமைத்து, அதன் இயக்குநர் குழுதான் முடிவெடுத்தது. உறுப்பினர்கள் திறப்பு விழாவுக்கு வந்தார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்கள் கையில்தான் எல்லாம். மாமன்றமே இல்லாத காலத்தில் போட்ட திட்டங்கள் பல. இப்போது அந்த விளக்குகளுக்கு மின்கட்டணமும், பூங்காவுக்குக் காவலாளி சம்பளமும் மாநகராட்சி தலையில். பெண்ணைப் பார்த்தது ஒருவர், சீர் செய்வது இன்னொருவர்.

தறிச்சத்தம்:
ஐயா, உங்கள் பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. சட்டம் தடுத்தது, சென்னை சொன்னது, நிதிக்குழு கேட்டது, தனி அலுவலர் செய்தார். கடைசியில் மாமன்றம் என்று ஒன்று எதற்கு? மேஜையைத் தட்டுவதற்கா? அதற்கு ஓர் ஆசாரியை வைத்தால் மேஜையாவது உறுதியாக இருக்கும்.

பழைய பேரேடு:
கேலி வேண்டாம் தம்பி. இதே கொங்குச் சீமையில், ஒரே காலத்தில், 1917-19 வாக்கில் சேலத்து நகராட்சித் தலைவராக ராஜாஜி இருந்தார், ஈரோட்டு நகராட்சித் தலைவராகப் பெரியார் இருந்தார். கோவையில் ஆர்.எஸ். புரம் என்று பெயர் இருக்கிறதே, அந்த ரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்து சிறுவாணித் தண்ணீருக்குப் பாடுபட்டவர். நகராட்சி நாற்காலிக்கு அன்று அந்த மதிப்பு. அதிகாரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டோம், பிறகு நாற்காலியில் நல்லவர்கள் உட்காருவதில்லை என்கிறோம்.

மஞ்சள் மண்டி:
ராஜாஜியையும் பெரியாரையும் ஒரே வாக்கியத்தில் ஒரே பக்கம் நிறுத்திய முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். சாக்கடைக்கு வாருங்கள்.

இட்டேரி:
சாக்கடைக்கே வருகிறேன். தறிச்சத்தம் அண்ணா மூன்று ஆண்டு என்று எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு எங்கள் மாநகராட்சியின் மூன்று பட்ஜெட் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாம் எல்லோரும் தப்பான பத்தியைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் இருக்கின்றன. போன ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. உரையில் வாசிப்பது, பத்திரிகையில் வருவது, நாம் கைதட்டுவது அல்லது திட்டுவது எல்லாமே மூன்றாவது பத்தி. முதல் பத்தியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் பகுதிக் குடிநீர்க் குழாய்க்கு மூன்றாவது பத்தியில் பெரிய தொகை. அடுத்த புத்தகத்தில் திருத்திய மதிப்பீட்டில் அது பாதி. அதற்கடுத்த புத்தகத்தில் உண்மைக் கணக்கில் ஒரு சிறிய கோடு. கோடு என்றால் பூஜ்யம்தானே ஐயா?

பழைய பேரேடு:
பூஜ்யம்தான்.

இட்டேரி:
அப்படியானால் காசு இல்லை என்பது தெரிந்தேதானே மூன்றாவது பத்தியில் எழுதினார்கள்? சென்னை எழுதச் சொல்லவில்லையே. நிதிக்குழு எழுதச் சொல்லவில்லையே.

(இதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் எழுதவில்லை.)

பழைய பேரேடு:
அம்மணியின் கேள்விக்குப் பதில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அந்தக் கோடுகளை நானும் போட்டிருக்கிறேன். முறை இதுதான். பிப்ரவரி மாதம் ஒவ்வொரு உறுப்பினரும் தன் வார்டுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார். எல்லாவற்றையும் சேர்த்தால் செலவு வரவைத் தாண்டி எங்கேயோ போகும். பட்டியலிலிருந்து எதையாவது எடுத்தால் அந்த உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நிற்பார். ஆகவே எதையும் எடுக்க மாட்டோம். வரவை ஏற்றுவோம். நிலுவை வரி வசூல் என்று ஒரு தலைப்பு, கடைகள் ஏலம் என்று ஒரு தலைப்பு, அரசிடம் எதிர்பார்க்கும் மானியம் என்று ஒரு தலைப்பு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஏற்றினால் பற்றாக்குறை ஒழுங்கான அளவுக்கு வந்துவிடும். பற்றாக்குறையே இல்லாவிட்டாலும் மேலே நம்ப மாட்டார்கள் என்பதால் சிறிது விட்டுவைப்போம். அன்று அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தேன். வீட்டில் உட்கார்ந்து தறிக்காரர் எழுதியதைப் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். வருமானம் இருந்திருந்தால் அந்தக் கோட்டுக்குத் தேவை வந்திருக்காது.

மஞ்சள் மண்டி:
வருமானம் இருந்திருந்தால் இன்னும் பெரிய தொகையாக எழுதி, இன்னும் நீளமான கோடு போட்டிருப்பீர்கள் ஐயா. மண்டியில் வராத சரக்குக்குச் சீட்டு எழுதினால் மறுநாள் அந்த ஆளோடு யாரும் வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நொய்யல்கரை:
மண்டி அண்ணா, இவ்வளவு பேசுகிறீர்களே, இந்த அரையாண்டு வரியைக் கட்டினீர்களா?

மஞ்சள் மண்டி:
ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. முதல் வாரமே கட்டிவிட்டேன். கோபம் வேறு, கணக்கு வேறு.

பழைய பேரேடு:
தறிக்கார தம்பிக்கு ஒரு வழி சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடை எப்போது கட்டுவீர்கள் என்று மனு கொடுக்காதீர்கள். ஆவன செய்யப்படும் என்று பதில் வரும், அந்தப் பதிலையும் ஆயிரக்கணக்கில் எழுதியவன் நான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இதை மட்டும் கேளுங்கள்: இன்ன ஆண்டு பட்ஜெட்டில் இன்ன பக்கத்தில் உள்ள இந்தப் பணிக்கு நிர்வாக அனுமதி வழங்கிய ஆணையின் நகல், தொழில்நுட்ப அனுமதியின் நகல், டெண்டர் அறிவிப்பின் நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகத்தின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். நிர்வாக அனுமதியே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பணி காகிதத்தில்கூடப் பிறக்கவில்லை என்று பொருள். இட்டேரி அம்மணிக்கும் ஒன்று. மானியம் பெற வேண்டுமானால் தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட வேண்டும் என்றும் அதே நிதிக்குழு சொல்லியிருக்கிறது. பட்ஜெட் புத்தகத்தை மூடிவிட்டு அதைத் தேடிப் படியுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் எழுதும் தடைகளை (ஆட்சேபங்களை) எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பயந்து பயந்து படிப்போம்.

இட்டேரி:
தேடுகிறேன் ஐயா. கோடு போட்ட கதையை எழுதியதற்கு நன்றி. எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் நன்றி.

தறிச்சத்தம்:
மனு எழுதிவிட்டேன். நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நேற்று இரவு இங்கே ஒரு மணி நேரம் மழை. தண்ணீர் இரண்டாவது செங்கல் வரை ஏறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டு, தெருவில் நான்கு பேர் சேர்ந்து அந்தக் கல்லை நாங்களே வெளியே தூக்கப் போகிறோம்.

பழைய பேரேடு:
தூக்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இல்லாவிட்டால் அந்த வேலையைச் செய்ததாக யாராவது பில் போட்டுவிடுவார்கள்.

தறிச்சத்தம்:
எடுத்திருக்கிறேன் ஐயா. மூன்று ஆண்டுகளாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.