சாவி வளையத்தில் நூல்களை எப்படி மாட்டுவது?

கேள்வி:

வணக்கம். நட்புக் கைப்பட்டை பின்னும் அதே முடிச்சுகளைக் கொண்டு என் மகளின் தோழிகளுக்குச் சாவிக்கொத்துப் பட்டைகள் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கைப்பட்டையென்றால் எல்லா நூல்களையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிடலாம். வளையத்தில் அப்படிக் கட்டினால் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கிறது. தனித்தனியாகக் கட்டினாலோ, சாவியைக் கோக்கும் இரட்டைச் சுற்று வளையத்தின் இடுக்கில் நூல் நுழைந்து, பிசிர் கிளம்பிவிடுகிறது. மூன்று நிறங்களில், இரு பக்கமும் ஒரே வரிசை அமையும் ‘வி’ வடிவம் பின்ன விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில் 1:

கட்டவே வேண்டாம், மாட்டினால் போதும். நூலைச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் உண்டாகும் கண்ணியை வளையத்துக்குள் நுழைத்து, இரண்டு முனைகளையும் அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுத்து இறுக்குங்கள். மேக்ரமே என்னும் முடிச்சுக் கைவினை செய்பவர்கள் இதை லார்க்ஸ் ஹெட் முடிச்சு என்பார்கள். இதில் குறுக்காக ஒரு சிறு பட்டி ஒரு பக்கத்தில் மட்டுமே தெரியும் என்பதால், எல்லா நூல்களையும் ஒரே திசையில் நுழையுங்கள். ஒன்று மாறினாலும் மேல்வரிசை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மடிப்பதால் ஒரு நூல் இரண்டு இழைகளாகிவிடும் என்பதை வெட்டும்போதே நினைவில் வையுங்கள். 8 சென்டிமீட்டர்ப் பட்டைக்கு நான் 90 சென்டிமீட்டராக வெட்டுகிறேன்; 8 மீட்டர்க் கண்டு ஒன்றில் எட்டுத் துண்டுகள் தாராளமாகக் கிடைக்கும்.

பதில் 2:

மேலே சொன்ன முறை சாய்கோட்டுப் பட்டைக்கு மிகப் பொருத்தமானது. ‘வி’ வடிவத்தில்தான் ஒரு சிக்கல் வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இழைகள் நிற்க வேண்டிய இடத்தில், தனித்தனியாக மாட்டிய நூலின் இரண்டு கால்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மூன்று நூல்களையும் ஒன்றாக அடுக்கி மடித்து, ஒரே கண்ணியாக மாட்டிவிட்டால், கீழே தொங்கும் ஆறு இழைகளை விரும்பியபடி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். முதல் வரிசை முடிச்சுகளே அவற்றை அந்தந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். தலைப்பகுதி சற்றுத் தடிக்கும், ஆனால் கட்டிய முடிச்சைப் போல உருண்டு நிற்காது. நிறத்துக்கு இரண்டு நூல் வீதம் ஆறு நூல்களைத் தனித்தனியே மாட்டி, சிவப்பை இரு ஓரங்களிலும் பச்சையை நடுவிலும் வைப்பது மற்றொரு வழி. அப்போது பன்னிரண்டு இழைகள் வரும். ஒவ்வொரு நிறமும் இரண்டிரண்டு வரிசையாக விழுந்து பட்டை அகலமாகும். பரிசாகக் கொடுப்பதற்கு எனக்கு இதுவே பிடிக்கும்.

பதில் 3:

நூல் பிசிராவதற்குக் காரணம் முடிச்சன்று, வளையம். சாவி வளையத்தில் நேரடியாக மாட்டாதீர்கள். பை தைக்கும் பொருள்கள் விற்கும் கடையில் ‘டி’ வடிவ வளையம் கிடைக்கும். அதன் தட்டையான பக்கத்தில் மாட்டினால் முதல் வரிசை நேராக அமையும். வட்ட வளையத்தில் பன்னிரண்டு இழைகளும் விசிறிபோல் விரிந்து, ஓரத்து முடிச்சுகள் மேலேறிவிடும். வாங்கும்போது வளையத்தின் இணைப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் நூலும் அங்கே மாட்டிக்கொள்ளும். பின்னி முடித்தபின் அதைச் சாவி வளையத்தில் கோத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ‘டி’ வளையத்தில் ஆறு நூல்களை மாட்டி, பரீட்சை அட்டையின் கிளிப்பில் வளையத்தைக் கவ்வவைத்துப் பின்னினேன். முதல் இரண்டு வரிசைகளை மிக இறுக்கியதால் பட்டை கழுத்துப் பகுதியில் குறுகிப்போயிற்று. அவிழ்த்து, சற்றுத் தளர்வாக மீண்டும் போட்டபோது வளையத்தின் அகலத்துக்குச் சரியாக நின்றது. இப்போது மூன்றாவது பட்டை நடந்துகொண்டிருக்கிறது.