கைகாவல் இடஞ்சொல்லி: பலூன் பெட்டியின் இரண்டாவது கருவிக்கு ஒரு பெயர்

வணக்கம்.

உயரப் பறக்கும் பலூன்களின் பெட்டியில், அது விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கூடுதலாக வைக்கும் இரண்டாவது கருவிக்குக் ‘காப்புத் தடங்காட்டி’ என்ற முன்மொழிவைப் பார்த்தேன். போகும் வழியெல்லாம் இடத்தை அனுப்பும் முதல் கருவிக்குத் ‘தடங்காட்டி’ கச்சிதமான பெயர். இரண்டாவதன் வேலையே வேறு என்பதால் அதற்கு ஒட்டவில்லை.

அமெரிக்காவில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் விடும் பலூனை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் ஒரு ஏபிஆர்எஸ் கருவி (இடத்தை வானொலி அலையில் அனுப்பும் கருவி) இருக்கும். ஜிபிஎஸ் தரும் இடத்தை 144.39 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டே போகும். 30 கிலோமீட்டர் உயரத்தில் அதன் தொடுவானம் 600 கிலோமீட்டருக்கும் அப்பால். குறைந்த திறனில் அனுப்பினாலும் பல ஊர்களில் கேட்கும். பலூன் வெடித்து, பாராசூட்டில் இறங்கி, கடைசிச் சில நூறு மீட்டரில் மேடோ மரமோ மறைத்ததும் தொடர்பு அறுந்துவிடும். மக்காச்சோளக் காட்டுக்குள் கிடந்தபடி பெட்டி அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். கேட்கிற தூரத்தில் ஆள் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது கருவிக்கு வேலை வருவது அப்போதுதான். பெரும்பாலும் ஸ்பாட் போன்ற செயற்கைக்கோள் கருவியை வைப்பார்கள். தரையில் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் போதும், குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் வழியாக இடத்தைச் சொல்லிவிடும். கவிழ்ந்து விழுந்தால் சிக்கல். அதனால் சிலர் அதை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரண்டு வளையங்களில் தொங்கவிடுகிறார்கள். பெட்டி எப்படி உருண்டாலும் கருவியின் முகம் மேலேயே நிற்கும்.

‘காப்பு’ என்றதும் நமக்குக் காப்புநகல்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே நகல் உதவாது. ஒரே மாதிரி இரண்டு ஏபிஆர்எஸ் கருவிகளை வைத்தால் ஒரே பள்ளத்தில் இரண்டும் ஊமையாகும். ஒரே பேட்டரியில் ஓடினால், மைனஸ் 50 டிகிரிக் குளிரில் அது படுத்ததும் இரண்டும் படுக்கும். ஜிபிஎஸ் சில்லிலும் இதே கதைதான்: ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாகச் சில சில்லுகள் 18 கிலோமீட்டருக்கு மேல் இடம் சொல்ல மறுக்கும். ஆக, பேட்டரி, ஜிபிஎஸ் சில்லு, ஆன்டெனா, செய்தி போகும் வழி எல்லாமே தனியாக இருக்க வேண்டும். பெயர் இந்தத் தனிமையைக் காட்ட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

‘மாற்று’ என்றால் ஒன்று பழுதான பிறகு இன்னொன்றை ஓடவிடுவது. இவை இரண்டும் ஏவும்போதே ஓடத் தொடங்குபவை. ‘துணை’ என்றாலோ முதலாவதைச் சார்ந்தது போல ஆகிவிடும், அப்புறம் கதையே தலைகீழ்.

என் பரிந்துரை: கைகாவல் இடஞ்சொல்லி. கைகாவலாகக் கொஞ்சம் பணம் வைத்திரு என்கிறோமே, அந்தப் பணம் அன்றாடச் செலவில் கலக்காமல் தனியே கிடப்பது. பேச்சுவழக்கு என்று ஒதுக்க வேண்டாம். பொருள் சரியாக விழுகிறது. கதைசொல்லி, குறிசொல்லி வரிசையில் இடஞ்சொல்லியும் இயல்பாக நிற்கும். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “தடங்காட்டி 400 மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. இடஞ்சொல்லியின் செய்தி வரும்வரை வண்டியை நெடுஞ்சாலையிலேயே நிறுத்துங்கள்.”

தரைக்கு வந்ததும் கோபுரத்தைப் பிடித்துக் குறுஞ்செய்தி அனுப்பும் செல்பேசியையும் இந்தப் பெயருக்குள் சேர்க்கலாம். பெட்டியில் கத்தும் பஸ்ஸரைச் சேர்க்க வேண்டாம். அது இடத்தைச் சொல்வதில்லை, பக்கத்தில் வந்தவரைக் கூப்பிடுகிறது. அதற்குக் ‘கூவி’ சரிவருமா என்று சொல்லுங்கள்.