384 பேர் கணக்கும் என் அப்பத்தாவும்: டங்ஸ்டன் ஆய்வுக்கு யோசனை வேண்டும்

மேலூர்க்காரி எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் இதழியலில் பிஎச்டி செய்கிறேன். மூன்றாவது வருடம். தலைப்பு, 'டங்ஸ்டன் எதிர்ப்புப் போராட்டத்தில் சமூக ஊடகங்களின் பங்கு'.

வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி தொகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்துக்குச் சுரங்கம் தோண்ட ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. டிசம்பர் 9 அதை எதிர்த்துச் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே போன பேரணி. ஜனவரி 23 ஏலம் ரத்து. எல்லாம் இரண்டரை மாதத்துக்குள்.

கைடு சொன்னது ஒன்றே ஒன்று: "384 சாம்பிள் எடும்மா." கூகுள் ஃபார்ம் போட்டு எனக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அனுப்பினேன். 211 வந்திருக்கிறது. பேர்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் என் ஜூனியர்கள். மீதியில் சிலர் சென்னை, பெங்களூரில் இருக்கிற மேலூர்ப் பையன்கள்.

என் அப்பத்தா டிராக்டரில் ஏறி அந்தப் பேரணிக்குப் போனவர். அவரிடம் போன் கிடையாது. 'டங்ஸ்டன்' என்று சொல்ல வராது, 'தங்கிஸ்டன்' என்பார். மந்தையில் கூட்டம் போட்டபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடும் வாய்ஸ் நோட்டுகளைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். என் ஃபார்மில் இரண்டாவது கேள்வியே 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சமூக ஊடகத்தில் இருக்கிறீர்கள்?' என்பதுதான். அப்பத்தாவுக்குப் பூஜ்யம் போட்டால் அவர் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் ஊரில் நடந்ததை நடத்தியவர்கள் அவர் மாதிரி ஆட்கள்தான்.

எக்ஸ் தளத்தில் ஹேஷ்டேக் எடுக்கலாம் என்றால், பதிவுகளை மொத்தமாக எடுக்க ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தந்துவந்த ஏபிஐ வசதி 2023இலேயே போய்விட்டது. ஃபேஸ்புக் பதிவுகளைத் தேடி எடுக்க இருந்த கிரவுட்டேங்கிள் என்ற கருவியையும் 2024 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். மிச்சம் 173 பேரையும் இதே மாதிரி பிடித்து முடித்துவிடட்டுமா? மனசு ஒப்பவில்லை.

அரைகுறை ஆய்வாளன் எழுதியது:

முடித்துவிடுங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, கேள்விகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்தால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். முதலில் பட்டம், அப்புறம் அப்பத்தா. ஐந்து வருடம் மனசு ஒப்பாமலே இருந்தவன் சொல்கிறேன்.

வீடுவீடாக எழுதியது:

தாயி, நான் பிஎச்டி படித்தவன் இல்லை. பத்தொன்பது வருடம் தேர்தல் சர்வே எடுக்கிற வேலை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று கால் படாத தெரு கிடையாது. நாய் கடித்தது மட்டும் நாலு தடவை.

384 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் போட்ட அட்டவணையின் கடைசி வரியில் இருக்கிற எண் அது. பத்து லட்சம் பேர் இருக்கிற ஊரானாலும் 384 பேர் போதும் என்கிறது. போதும்தான். ஆனால் அந்த 384 பேரைக் குலுக்கல் மாதிரி எடுத்திருக்க வேண்டும், ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அதில் வர சம வாய்ப்பு இருக்க வேண்டும். லிங்க் அனுப்பி, மனசு இருக்கிறவன் நிரப்பினால் அது 384 ஆனாலும் ஒன்றுதான், 38,400 ஆனாலும் ஒன்றுதான். நாங்கள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கு ஒரு பேர் என்று எண்ணி எடுப்போம். வந்த பேர் அறுபது வயதுக் கிழவி என்றால் அந்தக் கிழவியைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் நிற்கிற பேரனிடம் கேட்டுவிட்டுப் போகக் கூடாது. மதியம் போனால் வயலில் இருப்பார்கள், சாயங்காலம் திரும்பப் போக வேண்டும். சர்வே என்றாலே பாதி நேரம் இந்தத் திரும்பப் போவதுதான்.

இன்னொன்று, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது. வீட்டுக்காரர் நின்றால் பெண்கள் "அவரைக் கேளுங்க" என்பார்கள். ஊர்ப் பெரியவரான அம்பலக்காரர் நின்றால் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார். அதனால்தான் தேர்தல் ஆய்வு நடத்துகிற லோக்நீதி மாதிரியான ஆட்கள் சின்னம் போட்ட சீட்டைக் கையில் கொடுத்து, மடித்துப் பெட்டிக்குள் போடச் சொல்கிறார்கள். நோயல் நியூமன் என்கிற ஜெர்மன் அம்மா 1974இலேயே எழுதிவிட்டார்: தன் கருத்துக்கு ஊரில் ஆதரவில்லை என்று தோன்றினால் மனுசன் வாயை மூடிக்கொள்வான், மூட மூட அந்தக் கருத்து இல்லாத மாதிரியே ஆகிவிடும். எனக்கு இதை ஒரு டிரெய்னிங்கில் சொன்னார்கள். சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

உன் ஊரில் இப்போது இன்னொரு சிக்கல். போராட்டம் ஜெயித்துவிட்டது. யாரைக் கேட்டாலும் "முதல் நாளே நான் எதிர்த்தேன்" என்பார்கள். வேலை கிடைக்கும், நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஆரம்பத்தில் யோசித்தவன் ஒருத்தன்கூடவா இருந்திருக்க மாட்டான்? அவனை நீ கண்டுபிடிக்க முடியாது, அவனே மறந்திருப்பான். அதனால் 'எப்போது' என்று கேட்காதே. கார்த்திகைக்கு முன்னாலா பின்னாலா, நாற்று நட்டாச்சா, பொங்கலுக்கு வெள்ளை அடித்தாச்சா என்று கேள். கிராம சபைத் தீர்மானத்தின் தேதி பஞ்சாயத்தில் இருக்கும். வாய்ஸ் நோட்டின் தேதி போனில் இருக்கும். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

தெப்பக்குளத்துக்காரர் எழுதியது:

நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுக்கிறேன். மேலே அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு. அந்த 211ஐத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 'மேலூர் மக்கள்' என்று பேர் வைக்காமல் 'இணையத்தில் பதில் சொன்ன மேலூர் இளைஞர்கள்' என்று பேர் வைத்தால் அது ஒரு சின்ன, நேர்மையான அத்தியாயம். ஊருக்கு வெளியே இருக்கும் பையன்கள் எதைப் பகிர்ந்தார்கள் என்பதும் தெரிய வேண்டிய விஷயம்தான். தப்பு எண்ணில் இல்லை, யாருக்கு எந்தப் பேர் சூட்டுகிறோம் என்பதில்தான். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்து, லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டு போனார். கார், டெலிபோன் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து பேர் எடுத்ததும், விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் போட்டதும் அவர்களைக் கவிழ்த்தன.

உங்கள் அப்பத்தாவுக்கு இடம் இருக்கிறது. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் ஒஹையோவில் ஈரி என்ற மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ரேடியோவும் பத்திரிகையும் நேராக ஓட்டை மாற்றும் என்று நினைத்துப் போனவர்கள், செய்தியைக் கவனிக்கிற சிலர் மற்றவர்களிடம் பேசுவதுதான் கூடுதலாக வேலை செய்கிறது என்று கண்டு திரும்பினார்கள். உங்கள் ஊரில் அந்தச் சிலர் யார்? அம்பலக்காரரா, சித்தப்பாவா, டீக்கடையா? 1942இல் தந்தி பேப்பர் (இன்றைய தினத்தந்தி) மதுரையில்தான் தொடங்கியது. டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட பேப்பர் அது. திண்ணையில் ஸ்பீக்கர் போடும் சித்தப்பா அந்த வழி வந்தவர்தான்.

மேடைப் பேச்சைப் படிப்பதற்காகவே 1990களில் மதுரையில் தங்கியிருந்த பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் எழுத்தை நூலகத்தில் தேடுங்கள். என்ன சொன்னார்கள் என்பதோடு எந்தத் தமிழில் சொன்னார்கள் என்பதையும் கேட்டவர். மந்தையில் பேசிய தமிழும் வாய்ஸ் நோட்டில் வந்த தமிழும் ஒன்றா என்று பாருங்கள், அதுவே ஒரு அத்தியாயம்.

ஃபார்வர்டுகளைப் பார்க்கும்போது 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறி இருக்கிறதா என்று தனியாகக் குறியுங்கள். அந்தக் குறியோடு வருவது வெளியே நிறையச் சுற்றிவிட்டு வந்த சரக்கு. உள்ளூர் வாய்ஸ் நோட்டில் பெரும்பாலும் அது இருக்காது. 2018இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்று கட்டுப்பாடு போட்டது, அதனால் ஒரு ஃபார்வர்டு பரவ இடையில் நிறையக் கைகள் வேண்டும். அந்தக் கைகளைத் தேடுவதுதான் உங்கள் வேலை. குழுவுக்குள் சொல்லாமல் புகுந்து எடுக்காதீர்கள். சித்தப்பாவே ஆனாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

தலைப்பில் 'பங்கு' என்றால் பங்கு இருந்தது என்று முதலிலேயே தீர்மானித்த மாதிரி இருக்கிறது. கமிட்டியிடம் கேட்டு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

மேலூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். முதல் ஆளாக அப்பத்தாவிடமே கேட்டேன்: "டங்ஸ்டன் வருதுன்னு முதல்ல யாரு சொன்னா?"

சித்தப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். "உன் சித்தப்பன்தான், போன்ல போட்டுக் காட்டுனான்."

சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் உரிக்கும்போது, தெரியாதவள் மாதிரி இன்னொரு தடவை கேட்டேன். "நூறு நாள் வேலைல மம்பட்டியோட உக்காந்திருந்தப்ப பேசிக்கிட்டாளுக. உன் சித்தப்பனுக்கு நான்தான் போய்ச் சொன்னேன்."

ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் முன்னால் மூன்றாவது தடவை. "இவதான் சொன்னா" என்று அக்காவைக் காட்டினார். "எத்தனை தடவடி கேப்ப?"

வீடுவீடாக அண்ணே, இதில் எதை எழுதுவது?

வீடுவீடாக எழுதியது:

மூன்றையும் எழுது தாயி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு கட்டம் போட்டுக்கொள். அப்புறம் அந்த நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க்கரைக்கு ஒரு நடை போ. எந்த ஃபார்மிலும் அந்த இடம் வராது.

மேலூர்க்காரி எழுதியது:

கட்டம் போட்டாச்சு. அடுத்த வாரம் சித்தப்பாவிடம் கேட்கிறேன், அப்பத்தா கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.