டெசராக்ட் நிறுவல் கையேடு: என் கணினியில் ஓடுகிறது, படித்தவர்களுக்கு ஓடவில்லை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. பழைய தமிழ் நூல்களின் பக்கப் படங்களை எழுத்தாக மாற்றும் டெசராக்ட் மென்பொருளை லினக்ஸில் நிறுவுவதற்கு ஒரு கையேடு எழுதினேன். ஒவ்வொரு படியையும் என் கணினியில் உள்ள உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பில் செய்து பார்த்த பிறகே எழுதினேன். ஆயினும் உபுண்டு 24.04 வைத்திருக்கும் இருவரும் ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வகை வைத்திருக்கும் ஒருவரும், தமிழ்த் தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வருவதாகச் சொல்கிறார்கள். நான்காம் படி இதுதான்: “தமிழ்த் தரவுக் கோப்பைப் பதிவிறக்கி, டெசராக்ட் அடைவில் (ஃபோல்டரில்) உள்ள 4.00 என்ற உள்ளடைவில், டெஸ்டேட்டா என்ற அடைவுக்குள் நகலெடுக்கவும். அடைவு இல்லையெனில் உருவாக்கிக்கொள்ளவும்.” நகலெடுக்கும்போது எவருக்கும் பிழை வரவில்லை. தவறு எங்கே இருக்கிறது?

பதில் 1:
அந்த 4.00-இல்தான் இருக்கிறது. உபுண்டு 22.04 டெசராக்டின் 4.1.1 பதிப்பைத் தருகிறது, 24.04 ஐந்தாம் பதிப்பைத் தருவதால் அங்கே உள்ளடைவின் பெயர் வெறும் 5. ஃபெடோராவில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. “இல்லையெனில் உருவாக்கிக்கொள்ளவும்” என்று நீங்கள் எழுதியதால், பிழை காட்டி நின்றிருக்க வேண்டிய இடத்தில் படிப்பவர் தாமே ஓர் அடைவை உண்டாக்கி, டெசராக்ட் ஒருபோதும் எட்டிப் பார்க்காத இடத்தில் கோப்பை வைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று நம்பிவிடுகிறார். என்னைக் கேட்டால், கையேட்டில் இருக்கவே கூடாத வரி அது.

நகலெடுக்கும் படியையே நீக்கிவிடுங்கள். தமிழ்த் தரவு உபுண்டுவில் ஆப்ட் என்ற நிறுவல் கருவி வழியாகவும் ஃபெடோராவில் டிஎன்எஃப் என்ற நிறுவல் கருவி வழியாகவும் தனித் தொகுப்பாகக் கிடைக்கிறது. தொகுப்பின் பெயர் இரண்டிலும் வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

பதில் 2:
ஆறாம் படியும் 24.04-இல் நின்றுவிடும். பைத்தான் நிரல்மொழியின் நூலகத்தை பிப் என்ற நிறுவல் கருவி மூலம் நேரடியாக நிறுவச் சொல்கிறீர்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12-ஆம் பதிப்பு முதலும், உபுண்டுவில் 23.04 முதலும் இயங்குதளத்துக்குரிய பைத்தானில் அவ்வாறு நிறுவ பிப் மறுத்துவிடும். அந்தத் தடையை மீறவைக்கும் தெரிவைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதைக் கையேட்டில் சேர்க்காதீர்கள். இயங்குதளத்தின் கருவிகள் நம்பியிருக்கும் நூலகங்களே அதனால் குழம்பக்கூடும். மெய்நிகர் சூழல் (இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாமல் நூலகங்களை வைக்கும் தனி இடம்) ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய சொந்தக் கணினியில் சோதிப்பதும் போதாது, ஏனெனில் என்றோ நிறுவி மறந்தவையெல்லாம் அதில் இருக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மெய்நிகர் கணினியில் (என் கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் தனிக் கணினியில்) உபுண்டு 24.04-ஐப் புதிதாக நிறுவி, என் கையேட்டை மட்டும் பார்த்துச் செய்தேன். மேலும் இரண்டு தவறுகள் அகப்பட்டன. பைத்தானின் மெய்நிகர் சூழலுக்கான தொகுப்பை முதலில் தனியே நிறுவ வேண்டியிருந்தது; என் கணினியில் அது முன்பே இருந்ததால் எனக்குத் தோன்றவேயில்லை. மற்றொன்று, கட்டளையில் அடுத்தடுத்து வரும் இரு சிறுகோடுகளை நான் தட்டச்சிட்ட எழுத்துச்செயலி ஒரே நீண்ட கோடாக மாற்றியிருந்தது. நகலெடுத்து ஒட்டியவர்களுக்கு அது எப்படி ஓடும்!

நான்காம் படி இப்போது இப்படி முடிகிறது: “நிறுவியபின் மொழிப் பட்டியல் கட்டளையை இயக்கவும். ஆங்கிலம், பக்கத்தின் திசையையும் எழுத்துமுறையையும் அறிதல், தமிழ் ஆகியவற்றின் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். தமிழுக்குரியது இல்லையெனில் ஐந்தாம் படிக்குச் செல்ல வேண்டாம்.” 24.04-இல் அந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே டெசராக்ட் தேடும் அடைவும் அச்சாகிறது. ஃபெடோராவில் இன்றிரவு சோதித்துவிட்டு எழுதுகிறேன்.